பன்னிரண்டு பேரில் நானாம்

திங்கள்
காலை ஏழுக்கே வெயில் சுள்ளென்று. ராஜகோபுரத்துக்கு எதிரே என் செருப்பு ஸ்டாண்ட். டோக்கன் நம்பரெல்லாம் அழிந்துவிட்டது, பெயின்ட் வாங்க வேண்டும். மதியம் மாதா கோவில் ஃபாதர் ஸ்கூட்டரில் வந்து நின்றார். பெரிய வியாழன் பூசையில், இயேசு சீடர்களுக்குச் செய்ததுபோல, அவர் பாதம் கழுவிவிடப் பன்னிரண்டு பேர் வேண்டுமாம். அதில் நானாம்! "ஊரான் செருப்பை எடுத்து வெக்கிறவ நான், வாய் வேற சரியில்ல ஃபாதர்" என்றேன். சிரித்தார். "ஆறு மணிக்கு வந்துடுங்க லூர்தம்மா." போயே விட்டார்.

செவ்வாய்
போன வருடம் உட்கார்ந்தவர்கள்: ஹெட்மாஸ்டர், டாக்டர், பேங்க் சார். அந்த வரிசையிலா நான்? பக்கத்துப் பூக்கடை கனகாவிடம் சொன்னேன். "உங்க சாமி ஆள் விட்டுக் கூப்புடுது, இவ பிகு பண்றா! அன்னிக்குப் பௌர்ணமி கூட்டத்த நான் பாத்துக்கறேன், போடி." அண்ணாமலையாரைக் கும்பிடுகிறவள். அவளுக்கு என்னைவிட ஜாஸ்தி சந்தோஷம். சாயந்திரம் குதிகால் வெடிப்புக்குத் தேங்காய் எண்ணெய்.

புதன்
எல்லாம் பாழ். செருப்பைக் காணோம் என்று சத்தம் போட்ட ஒரு அம்மாவைக் கண்டபடி திட்டிவிட்டேன். கடைசியில் பார்த்தால் ஸ்டாண்டில் தட்டு மாற்றி வைத்தது நான்தான். அதற்குள் அவர் அழுதுகொண்டே வெறுங்காலோடு போய்விட்டார். சீ! நாளைக்குப் போக மாட்டேன்.

வியாழன், பௌர்ணமி
மதியமே கிரிவலக் கூட்டம். கனகா விடவில்லை, தள்ளிக்கொண்டு போய் ஆட்டோவில் ஏற்றினாள். மாதா கோவில் வாசலில் செருப்புகள் தாறுமாறாக. கை சும்மா இருக்குமா? ஜோடி சேர்த்து அடுக்க உட்கார்ந்துவிட்டேன். உள்ளே பாட்டு, வாசகம், பிரசங்கம் எல்லாம் முடிந்தது. உள்ளே போகாமலிருக்க ஒரு சாக்கு, வேறென்ன.

ஃபாதருக்கு ஒத்தாசையாக இருக்கும் உபதேசியார் ஓடி வந்தார். "பதினோரு பேருக்கு ஆயிடுச்சு. வாங்கம்மா!"

"காலெல்லாம் மண்ணு அண்ணே. நான் வரல."

அவர் பின்னாலேயே ஃபாதர். இடுப்பில் துண்டு, கையில் செம்பு, தாம்பாளம். செருப்புகளுக்கு நடுவே முழங்கால் போட்டார். ஐயோ!

"நேத்து ஒரு அம்மாவ அசிங்கமா திட்டிட்டேன் ஃபாதர். தப்பு என்னுது."

எல்லோருக்கும் வலது கால் மட்டும்தான் வழக்கம். என் வலது காலைக் கழுவித் துடைத்தார். நிமிர்ந்து பார்த்தார். "அப்போ இன்னொரு காலையும் குடுங்க."

கோவிலே திரும்பிப் பார்த்தது. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக. ஈரக் காலோடு நடந்து போய், இந்த வருடமும் உட்கார்ந்திருந்த ஹெட்மாஸ்டர் பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.

ஆண்டவரே, உமக்கு ஆள் பார்க்கவே தெரியவில்லை.