என்னை விற்று வாங்கிய மைதானம்

இன்று காலை ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெருவில் செருப்புத் தைக்கிறவர் ஒருவர் ஈரத்தோலில் மெழுகுவத்தித் துண்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கொழுப்பு வாடை மூக்கில் ஏறியதும் என் கால் அங்கேயே நின்றுவிட்டது. தங்கச் சுரங்கத்துக்குள் எரிந்து மிஞ்சிய இதே மாதிரித் துண்டுகளை நீ மடியில் கட்டிக்கொண்டு மேலே வருவாய். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் பந்தின் தையல் மேல் அவற்றைத் தேய்ப்பாய். “பந்து தண்ணி குடிச்சா கல்லாயிடும்டா” என்பாய். உன்னைப் புதைத்து ஐந்து நாள்தான் ஆகிறது. கடைத்தெருவில் எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. உன்னிடம் அல்லாமல் வேறு யாரிடம் அதைக் கொட்டுவது?

குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரே மேஸ்திரி கூட்டிவந்த ஆட்கள் நாம். இறங்குவது ஒரே ஷாஃப்ட், ஒரே ஷிஃப்ட், கேம்ப்பில் பக்கத்துப் பக்கத்துக் குடிசை. நம்முடையது சின்ன கேம்ப். பதினோரு பேரையும் ஒரு மாற்றாளையும் தேற்றுவதற்கே நாக்குத் தள்ளும். நீ கேப்டன், கோல் காவலும் நீதான். நான் முன்னால் நின்று கோல் போடுகிறவன். பகல் ஷிஃப்ட் முடிந்து வெளிச்சம் இருக்கும்வரை, கோல் கம்பமாக நட்ட இரண்டு முட்டு மரங்களுக்கு நடுவில் நீ நிற்பாய், நான் உதைப்பேன். “மேல, எடப்பக்கம்!” என்று நீ கத்தினால் பந்து மேலே இடப்பக்கம்தான் போகும். நீ சொன்ன இடத்துக்கு அது போகாத நாளை எனக்கு நினைவில்லை. ஆனால் நமக்கு இருந்த மைதானம்! சுரங்கத்திலிருந்து கொட்டிய கல்லும் சரளையும். விழுந்தவன் முழங்காலில் தோல் இல்லாமல்தான் எழுந்திருப்பான்.

பெரிய கேம்ப் நம்மிடம் இரண்டு முறை தோற்றது. இரண்டு முறையும் கோல் என்னுடையது. தோற்ற ஆத்திரத்தில் அவர்களுடைய துரை நம் மேஸ்திரியிடம் ஆள் அனுப்பினார். சவரியை, அதாவது என்னை, எங்களுக்குக் கொடுத்துவிடுங்கள். வண்டி வண்டியாகச் செம்மண் கொட்டி உங்கள் மைதானத்தைச் சமன் செய்து தருகிறோம், அறுத்த மரத்தில் கோல் கம்பம் நட்டுத் தருகிறோம், புதுத் தோல்பந்து இரண்டு தருகிறோம் என்று பேச்சு. எனக்கு அவர்கள் இஞ்சின் அறையில் எண்ணெய் போடும் வேலை.

இதை முடிவு செய்ய நம் ஆட்டக்காரர்கள் கூடிய அன்று, பூசை முடிந்து வெளியே வரும்போது என் தோளைப் பிடித்து, “ஒன்ன வுட்டுருவனாடா?” என்றாய். நான் நம்பினேன். என்னைப் பற்றிய பேச்சு என்பதால் நான் அங்கே இருக்கக் கூடாது என்றார் மேஸ்திரி. சரி என்று வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றேன். என்னை விற்றுக்கொண்டிருந்த நேரத்தில் நான் கருவாட்டுக் குழம்பு தின்றுகொண்டிருந்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு எரிகிறது.

அங்கே நடந்ததை நம்மோடு ஆடிய மாரியப்பன் எனக்கு வரி விடாமல் சொல்லியிருக்கிறான். “ஒருத்தன் போனா மொத்த கேம்ப்புக்கும் கிரவுண்டு வருது. இதுல இன்னா தப்பு?” என்று ஒருவன் கேட்டானாம். “கோல் போட ஆளில்லாத கிரவுண்டுல ஆடு மேய்க்கப் போறியா? கண்ண வித்து சித்திரம் வாங்கறதாடா?” என்று மாரியப்பன் எகிறியிருக்கிறான். “நாளைக்கே அவன் காலு ஒடிஞ்சா துரை திரும்பிப் பாப்பாரா? கேக்கும்போதே குடுக்கணும்” என்றார் மேஸ்திரி. பிறகு நம் குடிசை லைன் வழக்கப்படி வில்லை போட்டீர்கள். சுரங்கத்தில் இறங்கும்போது காட்டும் பித்தளை வில்லையைத் தரையில் கீறிய கோட்டுக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ வைக்க வேண்டும். வில்லையில் நம்பர் இருப்பதால் பின்னால் எவனும் நான் இல்லை என்று மழுப்ப முடியாது. நான் போக, மாற்றாளோடு சேர்த்துப் பதினோரு பேர். பத்து வில்லை ஐந்துக்கு ஐந்தாக நின்றது. கடைசி வில்லை உன்னுடையது. அதைக் ‘கொடு’ என்ற பக்கம் வைத்தாய்.

சொல்லவும் நீதான் வந்தாய். அந்தத் தைரியத்தை மறுக்க மாட்டேன்.

“மேல வேலைடா சவரி. தூசி இல்ல, வெடி இல்ல. பொழச்சிக்க.”

“என்ன ஒரு வார்த்த கேட்டியா?”

“கேட்டா நீ வேணாம்னுவ.”

அதற்குள் மேஸ்திரி என் சீட்டை மாற்றி எழுதிவிட்டார், குடிசையும் போயிற்று. பெரிய கேம்ப்பில் எனக்குக் கோட்டும் தொப்பியும் மாட்டிப் படம் எடுத்தார்கள். அங்கே பந்தை எனக்குத் தருவார்கள். பேச்சுத்தான் தர மாட்டார்கள். “வெல கொடுத்து வாங்குன மாடு, நல்லா ஓடுது” என்று ஒருவன் என் காதில் விழும்படியே சொன்னான். அவனையும் நான் மறக்கவில்லை. ஆனால் முதல் பெயர் உன்னுடையது.

நீ என் உயிரைக் காப்பாற்றினாய் என்கிறாள் என் மனைவி. அது பொய்யில்லை. உன் மார்பில் கல்தூசி ஏறி, முப்பத்தைந்து வயதில் நீ கிழவனைப் போல இருமினாய். எனக்கு மூச்சு நன்றாகத்தான் இருக்கிறது. இருக்கட்டுமே. என் மூச்சு, என் கால். அதை வைத்துப் பேரம் பேச நீ யார்?

சுரங்கத்துக்கு மின்சாரம் வந்த வருஷம் மறுபடியும் மோதினோம். என்னை விற்று வாங்கிய மைதானத்திலேயே. செம்மண் பாய் விரித்த மாதிரி இருந்தது, எனக்குத் துப்ப வேண்டும் போலிருந்தது. நம் கேம்ப் ஒரு கோல் முன்னால். நம் கேம்ப் என்றுதான் இன்னும் கை எழுதுகிறது. ஆட்டம் முடியும் நேரத்தில் எங்களுக்குப் பெனால்டி கிடைத்தது. பந்தை வைத்துவிட்டு நிமிர்ந்தேன். கோலில் நீ. வலப்பக்கம் திறந்து கிடந்தது, இடப்பக்கமும் திறந்து கிடந்தது. எனக்கு இரண்டும் வேண்டாம். உன் மூஞ்சிதான் வேண்டும். ஒரு வருஷமாக அடக்கி வைத்திருந்ததை எல்லாம் காலுக்கு இறக்கி உதைத்தேன்.

உன் மூக்கு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. நீ மல்லாந்து விழுந்தாய். பந்து உன் முகத்தில் பட்டுக் கம்பத்துக்கு மேலே பறந்துவிட்டது. நடுவராக நின்ற துரை விசில் ஊதினார், நம் கேம்ப் ஜெயித்தது. உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். ரத்தம் வழிகிற மூஞ்சியோடு என்னைத் தாண்டிப் போகும்போது குனிந்து, “குறி தப்பலடா” என்றாயே, பாவி. பழிவாங்கப் போய் உன்னை நானே பெரிய வீரனாக்கிவிட்டேன்.

அதன் பிறகு கோரமண்டல் ஸ்டேஷனிலிருந்து பங்காருபேட்டை வரை ரயிலில் எவன் வாயைத் திறந்தாலும் இதே கதை. மூஞ்சியைக் கொடுத்துக் கோலைக் காத்த மகராசன் நீ. குறி தப்பிய சவரி நான். ஒரு நாள் சந்தையில் உன்னை மறித்துக் கேட்டேன்: “நெசத்த ஏண்டா சொல்லல?” கோணல் மூக்கைத் தடவிக்கொண்டு, “வுடுடா. கேம்ப்பே சந்தோசமா கீது” என்றாய். மறுபடியும் கேம்ப்புக்காக என்னைக் கொடுத்துவிட்டாய். இந்த முறை வில்லைகூடப் போடவில்லை.

உன் அடக்கத்திலும் பங்குச் சாமியார் அந்தப் பந்தைப் பற்றியே பேசினார். என்னால் பொறுக்க முடியவில்லை. கல்லறையில் எல்லோரும் நிற்கும்போதே சொல்லிவிட்டேன்: “நான் கோலுக்கு ஒதைக்கல. அவன் மூஞ்சிக்குத்தான் ஒதைச்சேன்.” மாரியப்பனே என் முதுகைத் தட்டி, “ஆறின கஞ்சி பழங்கஞ்சி, வுடுப்பா. தப்பாத காலு எங்க கீது?” என்றான். யாரோ சிரிப்பை அடக்கினார்கள். என் பக்கம் சாட்சி சொல்லக்கூடிய ஒரே ஆள் பெட்டிக்குள் படுத்திருந்தான். எல்லோரும் உனக்கு மண் போட்டார்கள். நான் போடவில்லை.

அதை உன் மனைவி கவனித்திருக்கிறாள். உன் வீட்டுக்கு வந்து நான் கை கால் கழுவும்போது தண்ணீர் ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

“மண்ணு போடலியாண்ணா?”

“சண்ட இன்னும் முடியலம்மா.”

அவள் சொம்பைக் கீழே வைத்தாள். “அவரும் கடைசி வரைக்கும் அதயேதாண்ணா சொல்லிக்கினு இருந்தாரு. ‘அவன் ஒரு தபா மூஞ்சிக்கு ஒதைச்சான், எனக்கு இன்னும் ஒன்னு பாக்கி வெச்சிக்கீறான்’னு.”

அப்படியானால் சண்டை முடியவில்லை என்று உனக்கும் தெரிந்துதான் இருந்தது. நல்லது. இந்த மடலில் மன்னிப்பு எதுவும் இல்லை, தேடாதே. எனக்கு மூச்சு இன்னும் நன்றாக இருப்பதால் கொஞ்ச நாள் ஆகும். அங்கே மைதானம் இருந்தால் கோலில் வேறு எவனையும் நிறுத்திவிடாதே, நீயே நில். வந்து வைத்துக்கொள்கிறேன்.