பச்சைத் துணிக்கு முன்னால் அப்பா

ஆவணி, சனி

காலையிலிருந்து மூட்டம், மழை இல்லை. திங்கட்கிழமை வேதியியல் டெஸ்ட். புத்தகத்தைத் தொடவில்லை.

அப்பா அனுப்பிய வீடியோவை பென் டிரைவில் போட்டுக்கொண்டு ஒரத்தநாடு போனேன், பிரபு அண்ணன் ஸ்டூடியோவுக்கு. அக்காவுக்கு வருகிற வெள்ளி கல்யாணம். சிங்கப்பூரில் லீவு கிடைக்கவில்லை, அப்பா வரவில்லை. அதனால் மண்டப வாசலில் பெரிய திரை. அதில் அப்பா நின்று எல்லோரையும் "வாங்க, வாங்க" என்று அழைப்பார். அக்காவின் யோசனை. பெண்ணைப் பெற்றவர் வாசலில் நிற்கவில்லை என்று மாப்பிள்ளை வீட்டில் ஒரு சொல் வந்துவிடக் கூடாதாம்.

அப்பா தன் அறையில் பச்சைப் போர்வையைத் தொங்கவிட்டு அதற்கு முன்னால் நின்று எடுத்திருக்கிறார். கம்ப்யூட்டரில் பச்சையை மட்டும் எடுத்துவிட்டால் பின்னால் எதையும் வைக்கலாம். அப்பா கேட்டது நம் வயல். வாய்க்கால் மேட்டில் நின்று நான்தான் போனில் எடுத்தேன், நாற்றங்காலோடு.

பி. அண்ணன் பச்சையை எடுத்தார். அப்பாவின் ஒரு தோளும் கையும் சேர்ந்து போய்விட்டன. தோளில் பச்சைத் துண்டு! கை முழுக்க மறையும்படி போர்த்தியிருக்கிறார்.

"சிங்கப்பூரு போயும் விவசாயி துண்ட விடல பாரு ஒங்கப்பா" என்று அண்ணன் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் அந்த ஓட்டை வழியே நாற்று தெரிந்தது. தோள் இருக்க வேண்டிய இடத்தில் நாற்று காற்றில் அசைந்தது. அதன் பிறகு சிரிப்பு வரவில்லை.

கழுத்தோரம் வெள்ளையாக மிஞ்சியது துண்டின் கரையாம். துண்டைச் சுற்றிக் கோடு போட்டு அதை மட்டும் திரும்பக் கொண்டுவர வேண்டும். ஒவ்வொரு படமாக. பிறகு ரெண்டர் போட்டார், எல்லாப் படத்தையும் கோத்து ஒரே வீடியோவாக்கும் வேலை. 'மீதி நேரம்' குறைவதற்குப் பதில் ஏறுகிறது.

மெதுவுக்குக் காரணங்கள் (பி. அண்ணன் சொன்னவை): போர்வை முழுக்க மடிப்பு. அதனால் ஒரு பச்சை இல்லை, ஆயிரம் பச்சை. அறையில் வெளிச்சம் போதாது. கம்ப்யூட்டர் கிழம். ஒவ்வொரு புள்ளியிடமும் "நீ பச்சையா, இல்லையா" என்று கேட்டுக் கேட்டு நகர்கிறது.

வீட்டுக்கு வந்து அகராதியில் ரெண்டர் பார்த்தேன். கொடு, திருப்பிக் கொடு, உருக்கு.

ஞாயிறு

வெயில். வீடு முழுக்க அதிரச வாசனை, என் புத்தகப் பையில்கூட. வாசலில் பாத்திரம் வாடகைக்காரர் யாரிடமோ போனில்: "அண்டா மூணுதான் இருக்கு, நாலாவது கோயில்ல மாட்டிக்கிச்சு."

ரெண்டர் பாதியில் நின்று மூடிக்கொண்டதாம். அண்ணன் இப்போது சின்ன அளவு நகல் செய்து அதில் வேலை பார்க்கிறார், கடைசியில் பெரிசாக மாற்றுவாராம். அப்பாவைச் சுற்றியுள்ள வெற்றிடத்தையும் வெட்டிவிட்டார். கொஞ்சம் வேகம்.

இன்னொன்றும் செய்தார். வீடியோவில் அப்பா இடது கையைத் தூக்கி "வாங்க" என்கிறார். முன்பக்கக் கேமராவில் எடுத்தால் கண்ணாடி போல இடம் வலமாகும், அதுதான் என்று சொல்லிப் படத்தைத் திருப்பிவிட்டார். இப்போது வலது கை. சரியாக இருக்கிறது.

அம்மா மாவைக் கிளறியபடியே கேட்டாள், அப்பா இளைத்திருக்கிறாரா என்று. தெரியவில்லை என்றேன். கொஞ்ச நாளாக அப்பா வீடியோ காலில் வருவதில்லை. நெட் சரியில்லையாம். குரல் மட்டும் அனுப்புகிறார். எதற்கு இதை எழுதுகிறேன்?

திங்கள்

டெஸ்ட் சுமார். ஒரு சமன்பாடு தப்பு.

பள்ளி விட்டு நேராக ஸ்டூடியோ. அண்ணன் வெளியே ஒரு காதுகுத்துக்கு ஆல்பம் கொடுக்கப் போயிருந்தார். ரெண்டர் ஓடிக்கொண்டிருந்தது. எவ்வளவு மெது என்றால், திரையில் ஒவ்வொரு படமும் நின்று, யோசித்து, பிறகு நகர்ந்தது. வேகமாக ஓடியிருந்தால் பார்த்திருக்க மாட்டேன்.

அப்பாவின் சட்டைப் பை வலது பக்கம் இருந்தது.

ஆண்கள் சட்டையில் பை இடது பக்கம்தான். நம் வீட்டுக் கொடியில் கிடக்கும் அப்பா சட்டையெல்லாம் அப்படித்தான். அப்படியானால் திருப்பியது தப்பு. முதலில் இருந்ததுதான் சரி. அப்பா நிஜமாகவே இடது கையால்தான் அழைத்திருக்கிறார்.

அப்பா அப்படிச் செய்யவே மாட்டார். சின்ன வயதில் இடது கையால் பேனா வாங்கினதற்கு என்னை மூன்று முறை திருப்பி வாங்க வைத்தவர். கல்யாணத்துக்கு வருகிறவர்களை இரண்டு கையும் கூப்பித்தான் அழைப்பார்.

துண்டு சேர்க்காத பழைய நகலைத் திறந்தேன். பச்சை போன இடம் கறுப்பு. துண்டு இருந்த இடமும் கறுப்பு. அந்தக் கறுப்பின் ஓரத்தில், கழுத்தோடு ஒட்டி, வெள்ளையாக ஒரு பட்டை. அண்ணன் துண்டின் கரை என்று சொன்னது அதைத்தான். அது கரை இல்லை. கழுத்தில் கட்டி, கையைத் தொங்கவிடும் துணி.

நகலை மூடினேன்.

அண்ணன் வந்ததும் பையை மட்டும் காட்டினேன். கழுத்தைக் காட்டவில்லை. "அட, ஆமா. நீ டீச்சரம்மாதான்" என்றார். பிறகு: "திருப்பவா, விடவா? திருப்பினா மறுபடி மொதல்லேருந்து ஓடணும். அதோட, எடது கையால கூப்பிட்டா சனம் என்ன சொல்லும்?"

"இருக்கட்டும்ணா" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்?

செவ்வாய்

தூறல். பள்ளிக்குப் போனேன். எதுவும் காதில் ஏறவில்லை.

எனக்குத் தோன்றுபவை: சுளுக்கு. சின்ன அடி. பெரிய அடி. கை இருக்கிறதா என்றே

அந்த வரியை முடிக்க முடியவில்லை.

அப்பாவுக்குச் செய்தி: "கை வலிக்குதாப்பா?" பதில் குரலில்: "எனக்கென்ன, நல்லாருக்கேன். நீ படிம்மா." குரல் நன்றாகத்தான் இருந்தது. அதுதான் அதிகமாகப் பயமுறுத்தியது.

மதியம் பள்ளிக்குப் பின்னால் நின்று ரவி மாமாவிடம் போனில் பேசினேன். அம்மாவின் சித்தப்பா மகன், சிங்கப்பூரில் அப்பாவோடு ஒரே அறையில் இருப்பவர். முதலில் மழையைப் பற்றிப் பேசினார். அப்புறம் அக்காவின் புடவை. நான் கழுத்துப் பட்டையைச் சொன்னதும் நிறுத்தினார்.

"சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காரும்மா."

கை எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டேன்.

"கட்டடச் சாரத்துலேருந்து விழுந்துட்டாரு. உயிருக்கு ஒண்ணுமில்ல. வலது கைதான். வெரல் அசைய மாட்டேங்குது. வியாழக்கெழம ஆபரேஷன். அது முடிஞ்சாதான் கை வருமா வராதான்னு தெரியும். கல்யாணம் நல்லபடியா முடியட்டும்னு பாக்குறாரு."

அப்படியானால் லீவு கிடைக்காதது பொய். அந்தத் துண்டு அதற்காக. நாங்கள் அதைப் பார்த்துச் சிரித்தோம்.

அக்கா மருதாணிக் கையோடு வந்து, "ஏன்டி மூஞ்சி இப்படி இருக்கு, நான் போறேன்னு இப்பவே அழறியா?" என்று சீண்டினாள். ஆமாம் என்றேன்.

புதன்

நல்ல வெயில். பந்தக்கால் நட்டாயிற்று. மாவிலை, மஞ்சள், ஒன்பது பெண்கள். பெரியப்பா அப்பாவின் இடத்தில் நின்றார். அம்மா புது வளையலோடு எல்லோருக்கும் காபி கொடுத்தாள்.

நான் சொல்லாவிட்டால் நாளை அம்மா கூப்பிட்டுக்கொண்டே இருப்பாள், அப்பா மயக்க மருந்தில் இருப்பார். ஏதாவது ஆனால் எனக்கு மட்டும் தெரிந்திருக்கும். சொன்னால், கல்யாண வீடு. இரண்டுமே பயம்.

பி. அண்ணனிடமிருந்து செய்தி: ரெண்டர் முடிந்துவிட்டது, வந்து பார். போகவில்லை.

கூட்டம் சாப்பிட உட்கார்ந்ததும் அம்மாவைச் சாமி அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினேன். சொன்னேன். பை, பட்டை, ரவி மாமா, வியாழன், எல்லாம். சில வார்த்தைகள் இரண்டு முறை.

அம்மா அழவில்லை. கல்யாணத்தை நிறுத்தலாமா என்று கேட்கவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அப்பாவுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில். அப்பா எடுத்ததும் பந்தக்கால் நட்டாச்சா, யார் யார் வந்தார்கள் என்று ஆரம்பித்தார். அம்மா குறுக்கிட்டாள்.

"ஏங்க. ஒங்களுக்குச் சோறு யாரு ஊட்டுறா?"

போன் நின்றுவிட்டதோ என்று திரையைப் பார்த்தேன். ஓடிக்கொண்டுதான் இருந்தது. வெளியே யாரோ ரசம் கேட்டார்கள்.

பிறகு அப்பா, "ரவி" என்றார்.