தழுவலைத் தவறவிட்ட மெமரி கார்டு

நலம் பெருகுக! கதிர்கள் தலைகுனிய விளைக. குடிகள் தலைநிமிர வாழ்க!

கரும்பாற்றின் வடகரை முழுதும் ஒரு குடைக்கீழ் ஆள்பவரும், பகைவர்க்கு இடியும் புலவர்க்கு மழையுமானவருமாகிய மன்னர் முகில்வேந்தர் திருமுன்புக்கு, தென்கரை மன்னர் வேழமார்பரின் அமைச்சர் நாவுடையார் தலைதாழ்த்தி விடுக்கும் ஓலை. தங்கள் அரசியாரும் குடிகளும் யானைகளும் நலமென்றே அவர் நம்புகிறார்.

பல்லாண்டுப் பகை தீர்ந்து, ஆற்றுப் பாலத்தின் நடுவே இரு மன்னரும் மாலை சூட்டித் தழுவிக்கொண்டதை உலகறியும் என்று அமைச்சர் எண்ணியிருந்தார். உலகறிந்ததோ ஒரு படத்தை மட்டுமே. அதில் தங்கள் திருக்கை எம் மன்னரின் கழுத்தில் இருக்கிறது. எம் மன்னரின் திருவிழிகள் பிதுங்கியிருக்கின்றன. சிக்கிய மாலையைத் தாங்கள் அன்போடு விடுவித்த வேளை அது என்றால் கேட்பார் யார்? ஊர் வாயை மூட உலைமூடி ஏது? தென்கரை வீரர் வேல் தீட்டத் தொடங்கிவிட்டனர். வடகரையிலும் சாணைக்கல் ஓசை எழுவதாக ஒற்றர் உரைக்கின்றனர்.

எம் அரண்மனைக்கு வாங்கும் பொருள் எதுவாயினும் சந்தையிலேயே பெரியதாயிருக்க வேண்டும் என்பது முன்னோர் வழக்கம். முரசும் அண்டாவும் அவ்வாறே வந்தன. டிஜிட்டல் கேமராவுக்கு ஒரு மெமரி கார்டு வேண்டுமென்று படப்பெட்டி நாயகம் இமையார் விண்ணப்பித்தபோதும், பண்டாரத் தலைவர் கொள்ளளவு ஒன்றையே பார்த்து, ஓராயிரம் திருவிழாவைக் கொள்ளும் கார்டை வாங்கிப் பட்டுத்துணியில் வைத்து நீட்டினார். அதன் வேகம் என்ன என்று இமையார் வினவியதற்கு, அரச காரியத்தில் என்ன அவசரம் என்று விடை கிடைத்ததாம்.

அக்கார்டின் களஞ்சியம் கடலளவு, வாசலோ ஒரு மூட்டை நுழையும் அளவு. மன்னர்கள் நடந்துவந்த அழகை இமையார் மளமளவென்று எடுக்க, அத்தனை படங்களும் அந்த வாசலில் நெரிந்து நின்றன. தழுவும் வேளையில் கேமரா கல்லாய்ச் சமைந்தது. அது மீண்டும் கண்விழித்தபோது மாலை சிக்கியிருந்தது. அன்று முதல் அமைச்சருக்குச் சோறு இறங்கவில்லை.

கண்கெட்ட பின் சூரிய நமஸ்காரம் என்று நகைப்பார் நகைக்கட்டும். இமையார் தாமே துறைமுகச் சந்தைக்குச் சென்று, கொள்ளளவு குறைந்தாலும் வேகம் மிக்க கார்டைத் தேர்ந்து, பாயும் குதிரைகளைப் படமெடுத்துச் சோதித்துக் கொணர்ந்திருக்கிறார். ஆதலால் வரும் முழுநிலா நாளின் காலையில், அதே பாலத்தில், தாங்கள் மீண்டும் ஒருமுறை தழுவியருள வேண்டும். மாலைகள் வேண்டா.

இவ்வளவும் எழுதுவித்து எம் மன்னரிடம் படித்துக்காட்டியபோது, அவர் புதிய கார்டைப் பேழையில் வைத்துப் பூட்டச் சொன்னார். அன்றைய தழுவல் இமைப்பொழுதில் முடிந்துவிட்டது என்றும், இளமையில் தம்மோடு கரும்பாற்றில் நீந்திய தோழராகிய தங்களை இத்தனை காலம் கழித்துத் தொட்டும் மனம் நிறையவில்லை என்றும் கூறி, முகத்தைத் திருப்பிக்கொண்டார். அமைச்சரும் கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுத்தாணிக்காரரைத் தொடரச் சொன்னார்.

எனவே எம்மவர்க்கு ஆணையும் தங்களுக்கு வேண்டுகோளும் இதுவே: பழைய கார்டே இடப்படும். அது படங்களைத் தன் போக்கில் எழுதி முடித்து, தழுவலும் படமாகி, இமையார் போதும் என்னும்வரை இரு மன்னரும் பிடி தளர்த்தலாகாது.

கரும்பாறு ஓடுமளவும் இச்சொல் நிற்க. வேழ முத்திரை இடப்பட்டது. அவசரம் வேண்டாமென்று இமையாருக்குத் தனி ஆணையும் இடப்பட்டது.