கிணற்றடிப் பெண் யாரைப் பார்க்கிறாள்

இன்று காலை தலைவர் வீட்டு மாடிப்படி ஏறும்போதே புளிக்காய்ச்சல் வாசனை வந்துவிட்டது. நல்லெண்ணெயில் கடுகும் வற்றலும் வெடித்து, புளி சுண்டி, பெருங்காயம் எழுந்து மூக்கைப் பிடித்தது. உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம் ஊரில் இந்த வாசனை வந்தால் கலைக்கு ஏதோ ஆபத்து என்று அர்த்தம். நடைப்பயிற்சிக் குழு மறுபடியும் சென்னை அருங்காட்சியகத்துக்குக் கிளம்புகிறது.

நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. குழுத் தலைவர் அப்படியேதான் இருக்கிறார். சிமெண்ட் விற்றுச் சம்பாதித்ததைக் கொண்டு பண்பாட்டைக் காப்பாற்றி வருகிறார். கூடத்தில் எல்லோருக்கும் வாழையிலைத் துண்டில் மாதிரிப் புளியோதரை வைத்தார்கள். உப்பு சரியாக இருக்கிறதா என்று அரை மணி நேரம் விவாதம் நடந்தது. பார்க்கப்போகும் படங்களைப் பற்றிப் பேச்சு வரவில்லை. அவற்றில் உப்பு கூடினாலும் குறைந்தாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை என்பதால் இருக்கலாம்.

“போன தடவை நாம போன வெள்ளிக்கிழமை தேய்பிறை. அதான் பூட்டிக் கிடந்துச்சு. இந்தத் தடவை வளர்பிறை வெள்ளியாப் பாத்து வச்சிருக்கேன்” என்றார் தலைவர்.

“அண்ணாச்சி, அங்கன வாராவாரம் வெள்ளிக்கிழமை லீவு. பிறை பாத்து விடுத லீவு இல்ல” என்றேன்.

“வே, நீரு எப்பவும் குறுக்க விழுந்து பேசுத ஆளு. நல்ல காரியத்துக்கு நல்ல நாள் பாக்கணுமா, வேண்டாமா?”

கூடம் முழுவதும் தலையாட்டியது. வாயில் புளியோதரை இருக்கும்போது மனிதன் எதற்கும் தலையாட்டுவான். நான் வழக்கம்போல் உன் முகத்தைப் பார்க்கத் திரும்பினேன். அங்கே ஒரு மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது.

சங்கரன்கோவிலில் படம் என்றால் இரண்டே வகை. கும்பிடுவதற்கு ஒன்று, மாலை போடுவதற்கு ஒன்று. தேரடிக்குப் பக்கத்துச் சந்தில் கடை வைத்து, இரண்டு வகைக்கும் கண்ணாடியும் சட்டமும் போட்டுக் கொடுத்துப் பிழைத்தவன் நீ. மூன்றாவது வகை ஒன்று உண்டு என்று இந்த ஊரில் நம்பியவனும் நீ ஒருவன்தான். மாலை நேரங்களில் உன் கடை முக்காலியில் உட்கார்ந்து, படம் வாங்க வருகிறவர்களை நாம் இருவரும் மனதார வெறுத்தோம். முருகனைக் கொண்டுவந்து, “சோபாவுக்கு மேட்சா சட்டம் இருக்கா?” என்று கேட்டவரை நீ கைகூப்பி வழியனுப்பியதை நான் மறக்கவில்லை. “சாமி உக்காரப் போறது சோபாவுலயா, செவுத்துலயான்னு வீட்ல கேட்டுட்டு வாங்க” என்றாய். அவரும் கேட்டுக்கொண்டு வந்தார்.

அந்தக் கடையில் நீ உனக்காக மாட்டி வைத்திருந்தது ஒரே படம். எண்ணெய்க் கம்பெனி ஒன்று இலவசமாகக் கொடுத்த பழைய காலண்டரில் வந்தது. கிணற்று விளிம்பில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். குடம் சாய்ந்து கிடக்கிறது. கயிறு கையில் இருப்பதையே மறந்து, இடது பக்கம் எதையோ பார்க்கிறாள். எதை என்பது தெரியாது. படத்தின் இடது ஓரத்தை வெட்டி எறிந்துவிட்டு, காலண்டர்காரன் அந்த இடத்தில் நல்லெண்ணெய் டின்னை அச்சடித்திருந்தான்.

“ஒரு பொம்பள ஆயுசு பூரா எண்ணெ டின்னையே ஏக்கமாப் பாத்துக்கிட்டு இருக்கணும்னு விதிச்சிருக்காம்லே. இவன் வெளங்குவானா?” என்பாய்.

அசல் ஓவியம் சென்னை அருங்காட்சியகத்தில் இருப்பதாகக் கீழே பொடி எழுத்தில் போட்டிருந்தது. அன்று தொடங்கியது நம் வழக்கு. அவள் போகிறவன் ஒருவனைப் பார்க்கிறாள் என்பது உன் கட்சி. “வாரவனைப் பாத்தா எந்திரிச்சிருப்பா. போறவனைப் பாக்கப் போய்த்தான் உக்காந்திருக்கா.” கன்றுக்குட்டியைப் பார்க்கிறாள் என்பது என் கட்சி. அப்படி ஒரு பார்வையை மனிதனுக்காகச் செலவழிக்க எந்தப் பெண்ணுக்கும் அவசியமில்லை என்று வாதாடினேன்.

“உனக்கு எங்க பாத்தாலும் மாடுதாம்லே தெரியும்” என்று தள்ளுபடி செய்தாய்.

வருஷக்கணக்காக மேல்முறையீடு நடந்தது. இதற்கிடையில் கைப்பேசி வந்தது. அதில் தேடினால் முழுப் படமும் வந்துவிடும் என்று கடைக்கு வந்த ஒரு புத்திசாலி சொன்னான். நீ அவன் கையைத் தட்டிவிட்டாய். “உள்ளங்கை அளவுல பாக்கதுக்கு எனக்குக் காலண்டரே போதும். வெட்டுனதை அது இருக்கிற எடத்துல போய்ப் பாக்கணும்” என்றாய். எனக்கு அவ்வளவு வைராக்கியம் கிடையாது. ஆனால் நீ பார்க்காததை நான் முந்திக்கொண்டு பார்ப்பது வழக்கின் நடுவில் நீதிபதியைத் தனியே சந்திப்பது போலாகும் என்று விட்டுவிட்டேன்.

பிறகு சர்க்கரை உன் கண்களுக்கு வந்தது. கண்ணாடியின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்து வெட்ட ஆரம்பித்தாய். ஒருநாள் கடையை அடைக்கும்போது சாதாரணமாகச் சொன்னாய். “பூரா இருட்டதுக்கு முன்னால அவ முன்ன ஒரு தடவை போய் நின்னுரணும்லே.” அதற்கு நான் ஏதோ கேலி சொன்னேன். நீ சிரிக்கவில்லை.

உன்னை என்னோடு தனியாக அனுப்ப உன் மனைவிக்குச் சம்மதமில்லை. “ஆள் துணை இல்லாம எப்படி அண்ணாச்சி விடுதது?” என்று என்னிடமே கேட்டாள். நான் ஆள் கணக்கில் வரவில்லை. அப்போதுதான் நடைப்பயிற்சிக் குழு கலைப் பயணம் அறிவித்தது. தினமும் காலையில் பேருந்து நிலையம் வரை நடந்து, வடை தின்று, ஆட்டோவில் வீடு திரும்புகிறவர்கள். அவர்களோடு சேர்ந்து ஒரு ஓவியத்தைப் பார்க்கப் போவதா என்று நான் பல்லைக் கடித்தேன். “கழுதை மேல ஏறியாவது போய்ச் சேந்தாச் சரி” என்றாய் நீ.

அந்தத் திட்டக் கூட்டத்துக்கு நீயும் வந்திருந்தாய். செருப்பை எங்கே விடுவது என்று ஒருவர் கேட்டார். அங்கன சாமி உண்டா என்று இன்னொருவர். உண்டு, ஆனால் பூசை இல்லை என்றேன். தலைவர் வீட்டம்மாளுக்கு அது பெரிய குறையாகப் பட்டது. பூசை இல்லாத சாமியைப் பார்த்தால் தோஷமா என்று கேட்டார்கள். சிவகிரியிலிருந்து வந்திருந்த சம்பந்தி ஒருவர், தூரத்தில் நின்று பார்த்தால் தோஷமில்லை என்று தீர்ப்பளித்தார். பஞ்சாங்கம் வந்தது. வெள்ளிக்கிழமை, ராகு காலத்துக்கு முன்பே உள்ளே நுழைந்துவிட வேண்டும் என்று முடிவானது. அது திறந்திருக்கிறதா என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை, உனக்கும் தோன்றவில்லை. எத்தனை புத்தகம் படித்தாலும் நாமும் இந்த ஊர்க்காரர்கள்தானே. வெள்ளிக்கிழமையில் நடை சாத்துகிற இடத்தை நாம் பார்த்ததில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் வேன் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுங்கியது. மறுநாள் ராகு காலத்துக்கு நல்ல அவகாசம் இருக்கும்போதே பெரிய வாசல் முன்னால் போய் இறங்கினோம். பூட்டு தொங்கியது.

“ஃப்ரைடே லீவு சார். போர்டுல போட்டுக்குது பாருங்க” என்றார் காவலாளி.

“வெள்ளிக்கிழமை எவனாவது நடையச் சாத்துவானாய்யா?” என்று தலைவர் அதட்டினார்.

காவலாளி கொஞ்ச நேரம் யோசித்தார். அப்படி ஒரு கோணம் அவர் பணிக்காலத்தில் வந்ததில்லை போலிருக்கிறது.

எனக்கு இன்னும் வயிறு எரிவது அந்தப் பூட்டை நினைத்து அல்ல. அதற்குப் பிறகு அங்கே நிலவிய சந்தோஷத்தை நினைத்து. ஒருவருக்கும் ஏமாற்றம் இல்லை. “வாசல் வரைக்கும் வந்தாச்சுல்லா. கோபுர தரிசனம் கோடி புண்ணியம்” என்றார் தலைவர். மதில் ஓரத்து மர நிழலில் புளியோதரைப் பாத்திரம் திறந்தது. அப்பளம் சுற்றி வந்தது. காற்று நன்றாக இருப்பதாகக் கலை ஆர்வலர்கள் பேசிக்கொண்டார்கள்.

நீ அவரிடம் போய்க் கேட்டாய். வாழ்நாளில் நீ யாரிடமும் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. “அண்ணாச்சி, ஒரு ராத்திரி தங்கிட்டு நாளைக்குக் காலையில பாத்துட்டுப் போயிருவமா? எனக்கு இனிமே வரதுக்கு முடியாது.”

தலைவர் உன் தோளைத் தட்டினார். “கோயிலுக்குப் போனா நேரா வீட்டுக்குத்தான் போகணும். நடுவுல தங்கப்படாது. நீரு விவரம் தெரிஞ்ச ஆளு, உமக்குச் சொல்லணுமா?”

திரும்பும் வழியில் துணிக்கடையில் நின்றது அந்த விதிக்குள் வராது.

நாம் இருவரும் மட்டும் தங்கியிருக்கலாம். நான் சொன்னேன், நீ மறுத்தாய். உன் ஊசி மருந்துப் பெட்டியைப் பத்திரமாக இருக்கட்டும் என்று வேன் புறப்பட்ட இடத்திலேயே யாரோ இறக்கி வைத்துவிட்டிருந்தார்கள். அவர்கள் பத்திரம் பண்ணினால் அப்படித்தான்.

கிளம்பும் முன் பூட்டிய வாசல் முன்னால் குழுப்படம் எடுத்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள். நீ வரிசையை விட்டு விலகி இடது ஓரத்துக்குப் போய், கம்பிகளுக்கு நடுவே முகத்தை வைத்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாய். அந்தக் கண்ணுக்கு என்ன தெரிந்ததோ.

அந்தப் படத்துக்குச் சட்டம் போட உன்னிடமே கொண்டுவந்தார் தலைவர். பெரிதாக்கி, தங்க நிற ஓரம் வேண்டும் என்றார். நீ மறுப்பாய் என்று நினைத்தேன். பேசாமல் வாங்கிக்கொண்டாய். முடித்தபின் என்னிடம் காட்டினாய். படத்தைச் சுற்றி வைக்கும் அட்டையை இடது பக்கம் மட்டும் அகலமாக வெட்டியிருந்தாய். தலைவர் இருந்தார், அப்பளம் இருந்தது, பூட்டு இருந்தது. நீ இல்லை.

“என்னலே, உன்னையே வெட்டிட்டே?”

“வெட்டலலே. அட்டைக்கு உள்ளதான் இருக்கேன். பூட்டு முன்னால நின்னு சிரிச்ச கூட்டத்துல எனக்கு என்ன சோலி?”

அதற்குப் பிறகு நீ பயணம் போனது ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான். கடைசி நாட்களில் ஒருமுறை, முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்துக்கொண்டு, “கன்னுக்குட்டியா இருக்குமோலே?” என்று கேட்டாய். இத்தனை வருஷ வழக்கில் நீ அப்படி இறங்கி வந்தது எனக்குப் பிடிக்கவில்லை. “நீ முதல்ல எந்திரி, போய்ப் பாப்பம்” என்றேன்.

அந்தப் படம் தலைவர் கூடத்தில் மாட்டியிருக்கிறது. இன்று இலையை எடுக்க வந்த அவருடைய புது மருமகள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கரிவலம்வந்தநல்லூர்ப் பெண். இந்த வீட்டில் ஒரு படத்தைப் பார்க்கிற முதல் ஆள் அவள்தான் என்று நினைக்கிறேன்.

“அண்ணாச்சி, எல்லாரும் கேமராவப் பாத்துச் சிரிக்காவ. நீங்க மட்டும் ஓரமா யாரைப் பாக்கிய?”

எழுந்து போய்ப் பார்த்தேன். அதில் நான் இருக்கிற இடத்தை இதற்கு முன் நான் கவனித்ததில்லை. உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அந்த இடத்தில் இப்போது வெறும் அட்டை இருந்தது.

“கன்னுக்குட்டி ஒண்ணு நின்னுச்சும்மா” என்றேன்.

அவர்கள் வளர்பிறை வெள்ளியன்று போய், கோடி புண்ணியத்தைக் கட்டிக்கொண்டு வரட்டும். நான் செவ்வாய்க்கிழமை ராகு காலத்தில், ஒரு பூனையாவது குறுக்கே வராதா என்று பார்த்துக்கொண்டே தனியாக வீட்டை விட்டு இறங்குகிறேன். சாயங்கால ரயில். புதன்கிழமை அந்த வாசல் திறந்திருக்கும், இந்தத் தடவை விசாரித்துவிட்டேன். உன் மனைவி அந்தக் காலண்டர் படத்தை எனக்குக் கொடுத்திருக்கிறாள். எண்ணெய் டின்னோடு சுருட்டிப் பையில் வைத்திருக்கிறேன்.

அசல் படத்தின் இடது ஓரத்தில் போகிறவன் ஒருவன் இருந்தால், திரும்பி வந்து உன் கடையின் மூடிய கதவு முன்னால் நின்று, தெருவே கேட்கும்படி ஒத்துக்கொள்கிறேன். கன்றுக்குட்டி இருந்தால், யாரிடமும் சொல்லப்போவதில்லை.