தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் போன நூடுல்ஸ் வண்டி

ஜூலை 8, 1996. திங்கள்

காலையிலிருந்து புழுக்கம். மழை வரும்போல மூடிக்கொண்டு வந்து ஏமாற்றிவிட்டுப் போனது. மண்ணெண்ணெய் வாங்க வேண்டும். சுதாவின் யூனிபார்முக்கு ஹூக் தைக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை.

பாக்டரியில் ஓ.டி. முடிந்து ஏழு மணிக்கு வீட்டுக்குள் நுழைகிறேன், சுதா பாத்ரூமில் குனிந்து நிற்கிறாள். தரையெல்லாம் சிவப்பு. ரத்த வாந்தி என்றே நினைத்தேன். செருப்புகூடப் போடவில்லை. பக்கத்து வீட்டு மல்லிகா அக்கா ஓடிப்போய் ஆட்டோ பிடித்தார். பாக்டரி ஆஸ்பத்திரி வரை ஒரே அழுகை. அழுதது நான், சுதா இல்லை.

டியூட்டி டாக்டர் பார்த்தார், மோந்தார், சிரித்தார்.

"ரத்தம் எல்லாம் இல்லம்மா. சில்லி காலிபிளவர். எங்க பாப்பா சாப்ட்ட?"

"கேட்டாண்ட. பாபு அண்ணா வண்டில."

எட்டாம் வகுப்புப் படிக்கிற பெண். விடியற்காலையில் எழுந்து நான் கட்டிக் கொடுத்த புளிசாதம் டப்பாவில் அப்படியே இருக்கிறது. ஊசி ஒன்று, மாத்திரை மூன்று நாளைக்கு. அவள் நிம்மதியாகத் தூங்குகிறாள்.

ஜூலை 9. செவ்வாய்

நான் லீவு. கஞ்சி, மோர், விசாரணை.

ஒப்புக்கொண்டவை:
நூடுல்ஸ் (வாரத்துக்கு எத்தனை தடவை என்றால் சுவரைப் பார்க்கிறாள்).
சில்லி காலிபிளவர்.
முட்டை போட்ட ப்ரைடு ரைஸ். வீட்டில் செவ்வாய், வெள்ளி முட்டை கிடையாது. அங்கே எல்லாக் கிழமையும் உண்டு.

"நீ மட்டுமா?"

"எல்லாரும்தாம்மா. நம்ம பிளாக் மொத்தமும்."

இவர் அம்பத்தூரில் ஷிப்ட் முடிந்து வந்தார். விஷயத்தைச் சொன்னேன். சட்டையைக் கழற்றிக்கொண்டே உபதேசம் ஆரம்பம்.

"நம்ம பிள்ளைய நாமதான் பாக்கணும். அவன் பொழைக்க வந்தவன், விப்பான்."

'நாம' என்றால் இந்த வீட்டில் 'நீ' என்று அர்த்தம். எனக்குத் தெரியாதா?

"பள்ளிக்கூடத்துப் பக்கத்துல சாராயக் கடை வைக்க விடுவாங்களா? இதை மட்டும் ஏன் விடறாங்க? கவர்மெண்டு கேக்க வேண்டாமா? கண்ட கலரையும் போட்டு விக்கிறான்!"

"குழாய் ஒழுகினா எஸ்டேட் ஆபீஸு. பியூஸு போனா எஸ்டேட் ஆபீஸு. பிள்ளைக்கு வயிறு ஒழுகினாலும் எஸ்டேட் ஆபீஸாட்டி?"

ஆமாம். அதில் என்ன தப்பு? பாக்டரி குவார்ட்டர்ஸுக்கு வந்ததிலிருந்து பார்க்கிறேன். எது கெட்டாலும் எஸ்டேட் ஆபீஸில் கம்ப்ளெயிண்ட் எழுதிக் கொடுத்தால் ஆள் வருகிறது. போன வருஷம் பாம்பு வந்ததற்கே ஆள் வந்தது. வண்டியும் குவார்ட்டர்ஸ் கேட்டுக்குப் பக்கத்தில், அவர்கள் இடத்தில்தான் நிற்கிறது. எழுதப் போகிறேன்.

ஜூலை 11. வியாழன்

லேசான தூறல். மனு எழுதி முடித்து பிளாக்கில் கையெழுத்து வாங்கப் போனேன். கேட்காமலே போட்டவர்கள் நிறைய. முதல் மாடி அம்மா, "நல்ல காரியம் ராஜி, இதெல்லாம் யாராச்சும் செய்யணும்" என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். உள்ளே அவர் பையன் பொட்டலம் பிரிக்கிற வாசனை வாசல் வரை வந்தது.

மல்லிகா அக்கா போடவில்லை. எனக்கு ஆட்டோ பிடித்துக் கொடுத்தவர்! பாக்டரியில் என்னோடு அதே செக்கிங் செக்ஷனில் அதே மிலிட்டரி யூனிபார்ம் சட்டைகளுக்குத் தையல் சரிபார்ப்பவர்.

"இத பாரு ராஜி. நாம ஓ.டி. முடிச்சு வர ஏழு ஆவுது. புள்ளைங்க நாலரைக்கே ஊட்டுக்கு வந்துடுது. பசிக்குமா பசிக்காதா? அவன் வண்டிய எடுத்துட்டா அதுங்களுக்கு யார் அடுப்பு பத்த வைப்பா?"

"அதுக்காக சாயப்பொடியை திங்கணுமா?"

"சாயம் போடாதேன்னு அவன்கிட்ட சொல்லு. சொல்லிப் பாத்தியா?"

சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? அவனிடம் கெஞ்சவா மாதச் சம்பளத்தில் வாடகை பிடிக்கிறார்கள்? கோபத்தில் மாடிப்படி மாறி ஏறி வேறு பிளாக்குக்குப் போய்விட்டேன்.

ஜூலை 15. திங்கள்

எஸ்டேட் ஆபீஸ். சாப்பாட்டு நேரத்தில் பர்மிஷன் போட்டுப் போனேன். கிளார்க் மனுவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது சிவில்லயும் வராது, எலக்ட்ரிகல்லயும் வராதும்மா. எதுல போடறது?"

"நீங்கதான் சொல்லணும் சார்."

ரெஜிஸ்டரைப் புரட்டினார். மாடு, நாய், ஆக்கிரமிப்பு எல்லாம் ஒரே தலைப்பாம். அதில் சேர்த்தார். என் பெண்ணின் வயிறு தெருமாட்டோடு சேர்ந்தது. பரவாயில்லை, வேலை நடந்தால் சரி.

தக்காளி விலை கேட்டால் மயக்கம் வருகிறது. கடைக்காரன் கொத்தமல்லி ஓசியாகக் கொடுத்தான், வாடியது.

ஜூலை 19. வெள்ளி

வண்டி போய்விட்டது!!

நாலு மணிக்கு ஜீப்பில் செக்யூரிட்டிகள் வந்தார்களாம். நான் பார்க்கவில்லை. முதல் மாடி அம்மா சொன்னார், பாபு சண்டையே போடவில்லையாம். "சரி சார், தள்ளிகினு போறேன், அடுப்ப மட்டும் ஒதைக்காதீங்க, சூடா கீது" என்றானாம்.

கொஞ்சம் உறுத்தியது. கொஞ்சம்தான்.

சுதாவுக்கு இனிமேல் சாயங்காலத்துக்கு: திங்கள் சுண்டல், செவ்வாய் அவல், புதன் வேர்க்கடலை, வியாழன் ரவா உருண்டை, வெள்ளி யோசிக்க வேண்டும். காலையிலேயே செய்து மூடி வைத்துவிடலாம். இவரிடம் காட்டினேன். "பாத்தீங்களா? சொன்னா செய்றாங்க" என்றேன். இவர் பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை. சுதா முகத்தை ஏழு முழத்துக்கு வைத்துக்கொண்டிருக்கிறாள். வைத்துக்கொள்ளட்டும்.

ஜூலை 24. புதன்

வெயில். வேர்க்கடலை கிண்ணம் மூடியபடியே இருக்கிறது. நேற்றைய அவலும் அப்படித்தான், காய்ந்து போய்.

"ஏன்டி சாப்பிடல?"

"பசிக்கல."

நாலரைக்கு வந்த பெண்ணுக்கு ஏழு வரை பசிக்கவில்லையாம். நம்ப வேண்டுமாம். துவைக்கப் போட்ட யூனிபார்ம் சட்டையில் முதுகுப் பக்கம் கன்னங்கரேலென்று கிரீஸ் மசி. சவுக்காரத்துக்குப் போகவில்லை, மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்க்க வேண்டியிருந்தது. கேட்டால் சைக்கிள் செயின் என்கிறாள். முதுகில் எப்படி சைக்கிள் செயின் படும்? அப்படி என்ன ஓட்டினாள்? கேட்டுக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய்விட்டது.

ஜூலை 26. வெள்ளி

எழுதவே கை வரவில்லை. எழுதாவிட்டாலும் ஓயாது.

நூல் வரவில்லை என்று ஓ.டி. ரத்து. ஐந்து மணி சங்குக்கே வெளியே வந்தேன். மார்க்கெட்டுக்குப் போகலாம் என்று தண்டவாளத்து ஓரமாக நடந்தேன். நடைமேம்பாலம் தள்ளி இருக்கிறது, ஏறி இறங்க நேரமாகும், அதனால் எல்லோரும் கீழேயே தாண்டுகிறார்கள். இன்று குறுக்கே ஒரு கூட்ஸ் வண்டி நின்றுகொண்டிருந்தது. நீளமாக, முனை எங்கே என்றே தெரியாமல்.

அதற்குக் கீழே பிள்ளைகள். ஒவ்வொருவராகக் குனிந்து, சக்கரத்துக்கு நடுவில் நுழைந்து, அந்தப் பக்கம் எழுந்திருக்கிறார்கள். ஒருத்தி கையில் பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பாதி நுழைந்திருக்கிறாள். சுதா.

கூப்பிட வாயைத் திறந்தேன். கூப்பிட்டால் அங்கேயே நின்றுவிடுவாளோ என்று வாயைப் பொத்திக்கொண்டேன். அந்த நேரம் வண்டி ஒரு குலுக்கு குலுக்கியது. ஒவ்வொரு பெட்டியாக அந்தச் சத்தம் எங்களை நோக்கி வந்தது. அவள் அந்தப் பக்கம் விழுந்து எழுந்ததைச் சக்கரங்களின் இடைவெளியில் பார்த்தேன். வண்டி நகர ஆரம்பித்தது. முழுவதும் போகிற வரைக்கும் நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். தெய்வமே.

வண்டி விலகியதும் தெரிந்தது. அந்தப் பக்கம், லைனை ஒட்டி, பாபுவின் வண்டி. அடுப்பு எரிகிறது. சுற்றிலும் எங்கள் பிளாக் பிள்ளைகள்.

போய் எல்லோர் முன்னாலும் சுதாவை அடித்தேன். பிறகு கட்டிக்கொண்டேன். முதுகெல்லாம் மசி.

ஜூலை 27. சனி

மறுபடியும் லீவு. படியேறிய இடங்கள்:

எஸ்டேட் ஆபீஸ்: "லைனுக்கு அந்தாண்ட நம்ம லிமிட் இல்லம்மா. உங்க கம்ப்ளெயிண்ட்டத்தான் முடிச்சுட்டோமே."

ரயில்வே ஸ்டேஷன்: "பாலம் எதுக்கும்மா கட்டி வெச்சிருக்கு? உங்க பொண்ண அதுல வரச் சொல்லுங்க."

நகராட்சி: சுகாதாரத்தைப் பார்க்கிறவர் வெளியே போயிருக்கிறார். இருந்தவர் சொன்னது: "கலர்னா சாம்பிள் எடுக்கணும், லேபுக்கு அனுப்பணும், ரிசல்ட்டு வரணும். அதுக்குள்ள ஊட்ல கொஞ்சம் சொல்லி வெக்கலாம்ல?"

ஊட்ல சொல்லி வைக்கத்தான் ஊட்ல யாரும் இல்லையே அய்யா! இதை அங்கே சொல்லவில்லை. பஸ்ஸில் நின்றுகொண்டே மனதுக்குள் சொன்னேன்.

வீட்டுக்கு வந்தால் இவர் கோபத்தில் சுதாவைக் கேட்கிறார். "காசு ஏதுட்டி உனக்கு?" அவள் இவரையே பார்த்தாள். இவர் காது சிவந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. 'பேனா வாங்கு', 'நோட்டு வாங்கு' என்று வாரம் முழுக்கக் காசு கொடுத்தது இவர்தான். பிள்ளையை நாமதான் பார்க்கணும் என்று சொன்னவர்!

கத்தினேன். இந்த வருஷத்துக்கான கத்தல் மொத்தமும். முடிந்ததும் இவர் மெதுவாக, "வீட்டுக்கு வந்தா ஆளில்ல, ஏதாச்சும் வாங்கித் தின்னட்டும்னுதான்" என்றார்.

ஜூலை 29. திங்கள்

அரைநாள் லீவு போட்டேன். இந்த மாதம் லீவே மிச்சமில்லை. பாலம் ஏறி இறங்கி பாபுவிடம் போனேன். அப்போதுதான் கூடையிலிருந்து முட்டைகளை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் தெரிந்துகொண்டான்.

"நீங்கதானக்கா எழுதிப் போட்டது?"

"ஆமா."

"போட்டுட்டீங்க. இப்போ இன்னா?"

"பழைய இடத்துக்கே வந்துடுப்பா. நான் எழுதித் தரேன்."

சிரித்தான். "போடான்னா போவணும், வாடான்னா வரணுமா? அங்க வந்தா மறுபடியும் ஜீப்பு வரும், இந்த தபா அடுப்பு போவும். இங்க ஒர்த்தனும் கேக்கல. நானும் தெனம் கத்திகினுதான் கீறேன், பாலத்து மேல வாங்கடான்னு. எனக்கு மட்டும் நெஞ்சு பதறலயா? எங்கூட்லயும் புள்ளைங்க கீது."

அடுப்போரம் இருந்த சாயப்பொடி டப்பாவைக் காட்டி, இது இல்லாமல் செய்ய முடியாதா என்றேன்.

"போடாட்டி புள்ளைங்க இன்னா அண்ணா வெள்ளையா கீதுன்னு கேக்குங்க. செரி, உடுங்க, உங்களுக்கோசரம் கம்மி பண்றேன்."

கம்மி. மூன்று ஆபீஸ் ஏறி இறங்கி எனக்குக் கிடைத்தது அந்த ஒரு 'கம்மி'.

ஐந்துக்கு இந்தப் பக்கம் திரும்பி, சுதாவையும் மல்லிகா அக்காவின் பையனையும் மற்றதுகளையும் லைன் ஓரத்தில் மடக்கி, பாலத்தில் ஏற்றினேன். முனகல், சலிப்பு. நடுப்பாலத்தில் சுதா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். இறங்குகிற வரை பேச்சு: கணக்கு டீச்சருக்குக் கல்யாணம், பக்கத்து பெஞ்சுப் பெண் பேசமாட்டேன் என்கிறாள், வீட்டில் தனியாக இருந்தால் சமையலறைப் பக்கம் போகவே பயமாக இருக்கிறது. இதெல்லாம் எனக்குத் தெரியாது. ஒன்றுகூடத் தெரியாது.

மல்லிகா அக்காவிடம் பேசினேன். ஆளுக்கொரு நாள் ஓ.டி.யை விட்டுவிட்டு ஐந்துக்குப் பாலத்துக்கு வருவது. இவருக்குக் காலை ஷிப்ட் வரும் வாரம் இவர். "நான் நிக்கிறேன்" என்று தானாகவே சொன்னார். நாளைக்கு நான்.

ஜூலை 30. செவ்வாய்

காலையில் நல்ல மழை, பிறகு வெயில். மூன்று மணிக்கு ஓ.டி. பட்டியல் ஒட்டினார்கள். டெஸ்பாட்ச் அவசரம், செக்கிங் முழுவதும் இருக்க வேண்டுமாம். என் பெயர், அக்கா பெயர், எல்லாம்.

சூப்பர்வைசரிடம் போனேன். "சார், இன்னிக்கு மட்டும் அஞ்சுக்குப் போகணும். பசங்க லைனைத் தாண்டறாங்க."

"கவர்மெண்ட் வேலைம்மா இது. ஊட்டுக் கதையெல்லாம் இங்க சொல்லாதீங்க. போனா மெமோதான்."

சட்டைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். காலர், பாக்கெட், பட்டன். எதுவும் கண்ணில் நிற்கவில்லை. மல்லிகா அக்கா என் பக்கம் திரும்பாமலே, "உன் சட்டைக் கட்டையும் நான் பாத்துக்கறேன், கெளம்பு" என்றார்.

சங்கு ஊதியது. பையை எடுத்தேன். சூப்பர்வைசர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது காதில் விழுந்தது. நிற்கவில்லை.

லைனில் கூட்ஸ் வண்டி நின்றுகொண்டிருந்தது. ஓடிப்போய்க் குனிந்து பார்த்தேன். சக்கரத்துக்கு நடுவில் யாரும் இல்லை. பாலத்து மேலேயிருந்து, "அம்மா, இங்க!" என்று சுதா.