காப்பு கட்ட என் பேர் வேண்டாம்

நைனாவுக்கு வணக்கம். உங்க முட்டிவலி எப்படி இருக்குது? அம்மா வேளைக்கு மாத்திரை போடுதா?

போன்ல சொன்னா கத்துவீங்க, அதான் எழுதறேன். பனியில வழுக்கி உடைஞ்ச கை நல்லாயிடுச்சு, பாத்திரம்கூட தேய்க்கிறேன். ஆனா அதுக்காக நான் திரௌபதி அம்மனுக்குத் தீ மிதிப்பேன்னு அம்மா வேண்டிக்கிட்டது சரிப்படாது. எனக்குச் சாமி நம்பிக்கை போயி ரொம்ப நாளாச்சு. காப்பு கட்ட என் பேரைக் கொடுக்காதீங்க. கேக்கறவங்ககிட்ட கை இன்னும் சரியாவலன்னு பொய்யும் சொல்லாதீங்க. நம்பிக்கை இல்லையாம்னே சொல்லுங்க.

இங்க ஸ்வீடன்ல நான் குடியிருக்கிற கட்டடமே முன்னே சர்ச்சுதான். ஆள் வராம மூடி, வீடாக்கிட்டாங்க. ஞாயித்துக்கிழமை ஒரு சத்தம் இருக்காது. மல்லாட்டை தோலோட வறுத்து அனுப்புங்க, கடலை உடைக்கிற சத்தமாவது கேக்கட்டும்.

எனக்குப் பதிலா அம்மா தீயில எறங்கப் போவுதாமே? சர்க்கரைப் புண்ணு காலோடவா? தங்கச்சி பூங்குழலி சொல்லிச்சு. தடுத்துப் பாருங்க. கேக்கலன்னா நானே வர்றேன், சித்திரைக்கு டிக்கெட் போட்டுட்டேன். தீக்குழி தாண்டினதும் பால் ஊத்தியிருக்கிற குழியாண்ட நான்தான் நிப்பேன். நம்பாதவனுக்கு அங்க இன்னா வேலைன்னு கேட்டா கேக்கட்டும். அம்மா கையைப் பிடிக்க எனக்கு எந்தச் சாமியும் உத்தரவு தர வேண்டாம்.

டூட்டிக்கு நேரமாச்சு.

எழிலன்