ஒடெத்துக்குக் காட்டிய லிஸ்பன்

ஜூன் 3
ஆறு நாள் ஆலோசனைக்குப் பின் இன்று முடிவு எட்டப்பட்டது: தங்கைக்கு மஞ்சள் துண்டு. நீலம் புதியது, விருந்தாளிக்கு உரியது என்று ஒரு தரப்பு வாதிட்டது. பத்து நாள் விருந்தாளிக்கு மஞ்சளே அதிகம் என்றது மறுதரப்பு. இரண்டு தரப்பும் நானே என்பதால் விசாரணை நீண்டுவிட்டது.

ஒடெத் நாளை லக்ஸம்பர்க்கிலிருந்து வருகிறாள், ஐந்து வருடம் கழித்து. “டூரிஸ்ட் மாதிரி ஊரைச் சுத்திப் பாக்கணும், அக்கா” என்றாள் ஃபோனில். இதே வீட்டில், இதே நான்காம் மாடியில் பிறந்தவள்.

ஜூன் 4
வந்துவிட்டாள். அப்பா எழுந்து நின்றார். எனக்காக எழுந்து நின்றதில்லை. நான் எங்கும் போய்விட்டு வருவதில்லை என்பதால் இருக்கலாம்.

ஜூன் 5
அப்பா கீழே இறங்கினார்.

இதன் கனம் எனக்குத்தான் தெரியும். இரண்டு வருடம் முன்பு படியில் வழுக்கினார். மூன்றே மாதத்தில் முட்டி சரியாகிவிட்டது. தாராளமாக நடக்கட்டும் என்றார் டாக்டர் சியாப்ரா. நானும் கூப்பிட்டேன் – பூங்காவுக்கு, மாதாகோயிலுக்கு, அம்மாவின் கல்லறைக்குக்கூட. “முட்டி ஒத்துக்காதும்மா.” இன்று காலை காபி குடித்துக்கொண்டே ஒடெத், “அப்பா, உங்க டிராம்ல ஒரு ரவுண்டு போலாமா?” என்றாள். அவர் உள்ளே போய்த் தொப்பியோடு வந்தார். எழுபத்திரண்டு படி. மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால்.

கீழ்வீட்டு சுல்மிரா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். “அட, பெல்மிரு அண்ணே! இருக்கீங்களா? உங்க பெரியவ உங்களைப் பொட்டியில வெச்சுப் பூட்டிட்டான்னுல்ல நெனச்சோம்!” எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

முப்பத்தேழு வருடம் டிராம் ஓட்டியவர் சும்மா உட்காருவாரா? ஓட்டுகிற பெண்ணிடம், “மருந்துக்கடை தாண்டினதும் பிரேக்கை விடும்மா, தானா திரும்பும்” என்றார். அவள், “நீங்களே வந்து ஓட்டுங்க தாத்தா, நான் போய் ஒரு காபி குடிச்சுட்டு வரேன்” என்றாள். வண்டி முழுக்கச் சிரிப்பு. ஒடெத் நாற்பத்தொரு படம் எடுத்தாள். அவற்றில் ஒன்றில் என் முழங்கை இருக்கிறது.

ஜூன் 7
கோட்டை. பூகம்பம் 1775இல் வந்தது என்று ஒடெத்துக்கு விளக்கிக்கொண்டிருந்தார் அப்பா. 1755 என்று திருத்தினேன். “அக்கா, இது அரசிதழ் இல்ல” என்றாள் அவள். நகராட்சி அரசிதழில் முப்பத்துநான்கு வருடம் பிழை திருத்தியவள் நான். அவளுடைய வாக்கியத்தில் பிழை இல்லை.

ஜூன் 8
இன்று அப்பா மூன்று கஸ்டர்ட் பணியாரம் சாப்பிட்டார். வீட்டில் என் சமையல் அவருக்கு உப்பில்லாமல்தான். பன்னிரண்டு வருடம் முன்பு டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார், அடியோடு விட்டுவிட்டார். கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாம் என்று பிறகு அதே டாக்டர் சொல்லியும் தொடவில்லை. டாக்டர் முதலில் சொல்வதுதான் வைத்தியம், பிறகு சொல்வதெல்லாம் தாட்சண்யம் என்பது அவர் சித்தாந்தம். சர்க்கரையைப் பற்றி டாக்டர் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

ஜூன் 9
அப்படி என்ன செஞ்சுட்டா அவ? கிறிஸ்துமஸுக்கு ஒரு ஃபோன், ஈஸ்டருக்கு ஒரு சாக்லேட் பொட்டி. குளிப்பாட்டினது யாரு? ராத்திரி மாத்திரைக்கு அலாரம் வெச்சு எந்திரிச்சது யாரு? –

நிறுத்திக்கொள்கிறேன். எனக்கு வயது அறுபத்திரண்டு.

அப்பாவுக்கு நகம் வெட்டும்போது கேட்டேவிட்டேன்: என்னோடு ஏன் ஒருநாளும் இறங்கவில்லை?

“உன்கூட வந்தா நான் நோயாளிம்மா. படிக்குப் படி ‘மெதுவா, மெதுவா’ம்பே. அவகூடப் போனா நான் ஊரைக் காட்டுறவன்.” கோபமாகச் சொல்லவில்லை. “உனக்குக் காட்ட என்ன இருக்கு? எல்லாம் பாத்தவதானே நீ.”

சுண்டுவிரல் நகத்தைக் கொஞ்சம் ஒட்டவே வெட்டிவிட்டேன். தற்செயல்தான்.

ஜூன் 11
அந்தோணியார் திருநாள் வருகிறது, தெருவெல்லாம் துளசித் தொட்டி விற்கிறார்கள். அப்பா வாங்கிவந்தார். ஒரு தொட்டி. காகிதப்பூ, குச்சியில் செருகிய நாலுவரிப் பாட்டு எல்லாம் சேர்த்து, ஒடெத்துக்கு. பாட்டில் எதுகை இடித்தது, மூன்றாம் வரியில் ஒரு சீர் குறைந்தது. இதை யாரிடமும் சொல்லவில்லை.

இந்தச் செடியில் மூக்கை வைக்கக் கூடாது, வாடிவிடும். உள்ளங்கையால் தொட்டுக் கையைத்தான் முகர வேண்டும். ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். இரண்டு பேரும் பால்கனியில் இருந்தபோது நான் சமையலறையில் முகம் முழுவதையும் அதற்குள் புதைத்து மூன்றுமுறை மூச்சிழுத்தேன்.

ஜூன் 12
காலையில் அப்பா தொப்பியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “நாளைக்கு ஒரே ஒரு எடம் பாக்கி. உங்கம்மா மொதமொதல்ல என் வண்டியில ஏறின ஸ்டாப்பு. சின்னவளுக்கு அதைக் காட்டணும்.”

அப்பாவும் அம்மாவும் மாதாகோயில் திருவிழா நடனத்தில் சந்தித்தார்கள் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். அப்படி ஒரு ஸ்டாப் இருப்பது எனக்குத் தெரியாது. யாரும் காட்டவில்லை. எல்லாம் பாத்தவளாம்.

ரொட்டி வாங்கப் போனேன். திரும்பி வந்து, “வழியில டாக்டர் சியாப்ரா ஃபோன் பண்ணார். உங்க பழைய எக்ஸ்ரேயைத் திரும்பப் பாத்தாராம். இனிமே படி எறங்கவே கூடாதுன்னுட்டார்” என்றேன். இவ்வளவு சரளமாக நான் எதையும் சொன்னதில்லை.

அப்பா தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

ஜூன் 13
தெரு முழுக்க மத்தி சுடும் புகை. ஒடெத் தனியாகப் போனாள். பலசரக்குக் கடை தாண்டி, பச்சைக் கதவுக்கு எதிரே என்று அப்பா வழி சொல்லி அனுப்பினார். இரண்டு மணிநேரம் கழித்து வந்தாள்.

“பச்சைக் கதவே இல்லப்பா. ஓட்டல் கட்டிட்டாங்க. ஸ்டாப்பு எதுன்னே தெரியல.”

“நான் வந்திருந்தா தெரிஞ்சிருக்கும்” என்றார் அப்பா.

ஜூன் 14
ஒடெத் கிளம்பினாள். “நீ இருக்கிற தைரியத்துலதான் அக்கா நான் அங்க நிம்மதியா இருக்கேன்” என்று கட்டிக்கொண்டு அழுதாள். துளசியை விமானத்தில் விடமாட்டார்களாம், என்னிடம் விட்டுப்போனாள். தண்ணீர் ஊற்றினேன்.

ஜூன் 17
சொல்லிவிட்டேன். “அப்பா, டாக்டர் ஃபோன் பண்ணவே இல்ல. நான் பொய் சொன்னேன்.”

அவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார். “நான் மொடங்கிக் கெடக்கேன்னு பாத்து இப்படிச் சொல்றே. உன்னை மாதிரி ஒரு பொண்ணு யாருக்கும்மா கெடைக்கும்?”

“இல்லப்பா. பொறாமைப்பா. அவமேல பொறாமை.”

“சரி, சரி. சூப் ஆறுது பாரு.”

“அந்த ஸ்டாப்பை எனக்கும் காட்டுங்கப்பா. எனக்குத் தெரியாது. நெஜமாவே தெரியாது.”

“காட்டலாம்தான். படி எறங்கக் கூடாதேம்மா.”

ஜூன் 21
டாக்டரையே பேச வைத்தேன். இறங்கலாம், இறங்கினால் நல்லது என்று பத்து நிமிடம் சொன்னார். அப்பா மரியாதையாக நன்றி சொல்லி ஃபோனை வைத்தார்.

“நல்ல மனுஷன். உப்புக்கும் இப்படித்தான் பேசினார்.”

ஜூலை 2
அப்பா இறங்கும்வரை என்று இரண்டு வருடமாக நானே அவருக்கு முடி வெட்டிவந்தேன். முடிவெட்டுபவர் இனி வீட்டுக்கே வருவார். மாதத்தின் முதல் செவ்வாய், காலை பத்து மணி.